ஹோலி, காமன் பண்டிகை, பங்குனி உத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் இந்தக் கேள்விகளும் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னார்கள் என்று ஒரு தாய் கேட்பார். "இது நம்ம பண்டிகையே இல்லையே" என்று ஒரு பெரியவர் சொல்வார். "எங்க ஊர்ல காமன் எரிப்பாங்களே, அதுவா இது?" என்று தஞ்சைப் பக்கத்து நண்பர் ஒருவர் இழுப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஹோலின்னா கலர் பூசுறது மட்டும்தானா? வேற ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ஹோலி இரண்டு நாள் விழா. பால்குன மாதத்துப் பௌர்ணமி மாலையில் தெருமுனையிலோ திடலிலோ விறகும் வரட்டியும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். அதற்கு ஹோலிகா தகனம் என்று பெயர். மறுநாள் காலைதான் வண்ணம். சினிமாவும் விளம்பரமும் இந்த இரண்டாம் நாளை மட்டுமே காட்டுவதால் முதல் நாள் இரவு நம் கண்ணில் படுவதே இல்லை.

சடங்கு என்று பார்த்தால் முதல் நாள்தான் முக்கியம். தீ மூட்டுவதற்கு முன் பெண்கள் அந்த விறகுக் குவியலைச் சுற்றிவந்து நூல் சுற்றுவார்கள். புதிதாக விளைந்த கோதுமைக் கதிர், வாற்கோதுமை, பச்சைக் கடலைச் செடி ஆகியவற்றைத் தீயில் வாட்டிப் பிரசாதமாகத் தின்பார்கள். குளிர்காலப் பயிர் அறுவடைக்கு வரும் நேரம் அது. தீ அணைந்ததும் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். மறுநாள் வண்ண விளையாட்டு மதியத்தோடு முடிந்துவிடும். குளித்து, நல்ல உடை உடுத்தி, மாலையில் உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதோடு பண்டிகை நிறைவடையும்.

வருஷா வருஷம் தேதி மாறுதே, எப்படிக் கணக்குப் போடுறாங்க?

பௌர்ணமியை வைத்துத்தான். பன்னிரண்டு சாந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான் வரும். அதனால் ஹோலி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். 2024இல் மார்ச் 25, 2025இல் மார்ச் 14, 2026இல் மார்ச் 4. இப்படியே விட்டால் பண்டிகை தை மாதத்துக்கே போய்விடும் அல்லவா? அதைத் தடுக்கத்தான் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் சேர்க்கிறார்கள். 2026இல் ஓர் அதிக மாதம் வருவதால் 2027 ஹோலி மார்ச் 22க்குத் தள்ளிப்போகிறது.

தகனத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. சூரியன் மறைந்த பிரதோஷ வேளையில் பௌர்ணமித் திதி இருக்க வேண்டும். அதே சமயம் பத்திரை என்னும் கரணம் (கரணம் என்றால் திதியில் பாதி) இருக்கக் கூடாது. இந்தப் பத்திரை பௌர்ணமித் திதியின் முதல் பாதியில்தான் வரும் என்பதால், தீ மூட்டும் நேரம் சில ஆண்டுகளில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடுகிறது. கிரகணமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் வேறு நாள் சொல்லும். 2026 மார்ச் 3 பௌர்ணமி அப்படிப்பட்டதுதான். அன்று முழுச் சந்திர கிரகணம்.

அப்போ இது நமக்கு மாசி மாசமா, பங்குனி மாசமா?

இரண்டும் வரும். நம் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன, பால்குனம் சந்திரனைப் பின்பற்றுகிறது. பௌர்ணமி மார்ச் நடுப்பகுதிக்கு முன் வந்தால் நமக்கு மாசி, பின் வந்தால் பங்குனி. 2025இல் மாசி முடியும் தறுவாயில் ஹோலி வந்தது, பங்குனி உத்திரமோ ஏப்ரல் 11 அன்று வந்தது. 2024இல் இரண்டும் மார்ச் 25 என்று ஒரே நாளில் அமைந்தன. "போன தடவை ரெண்டும் ஒண்ணா வந்துச்சே, இப்ப ஏன் வரல?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஹோலிகா யாரு? பிரகலாதன் கதையில அப்படி ஒருத்தி வந்த ஞாபகமே இல்லையே?

உங்கள் ஞாபகம் சரிதான். பாகவதத்தின் ஏழாம் கந்தத்தில் இரணியன் மகனைக் கொல்ல யானை, பாம்பு, விஷம், மலையுச்சி, நெருப்பு என்று எல்லாவற்றையும் ஏவுகிறான். ஆனால் ஹோலிகா என்னும் பெயர் அங்கே இல்லை. நாம் கேட்டு வளர்ந்த கதையில் உச்சம் என்றால் தூண் பிளப்பதுதான். கம்பர்கூட இந்தக் கதையை யுத்த காண்டத்தில் வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்லவைத்து, அந்தத் தூணை நோக்கித்தான் கொண்டுபோகிறார்.

வடக்கே வழங்கும் கதையில் ஹோலிகா இரணியனின் தங்கை. அவளுக்கு நெருப்பு சுடாத வரம் இருந்தது. தீப்பிடிக்காத போர்வை ஒன்று இருந்தது என்றும் சொல்வதுண்டு. பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு சிதையில் உட்கார்ந்தாள். அவள் எரிந்தாள், பிள்ளை பிழைத்தான். நரசிம்மர் வருவதற்கு முந்தைய காட்சி இது. நரசிம்மரை நாம் பிடித்துக்கொண்டோம், இந்தத் தீயை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிரகலாதன் கதைதான் ஹோலிக்கு மூலக் கதைன்னு அடிச்சுச் சொல்லலாமா?

முடியாது. இந்த ஒரு தீக்குக் குறைந்தது மூன்று கதைகள் உண்டு. ஹோலிகா கதை ஒன்று. பவிஷ்ய புராணத்தில் வரும் துண்டை என்ற அரக்கியின் கதை இன்னொன்று. ரகு மன்னன் காலத்தில் குழந்தைகளைத் துன்புறுத்திய அவளுக்குத் தேவர்களாலும் ஆயுதங்களாலும் சாவில்லை. வரத்தில் விடுபட்டுப்போனவர்கள் சிறுவர்கள் மட்டுமே. ஆகவே பிள்ளைகள் எல்லாம் விறகு சேர்த்துத் தீ மூட்டி, கைதட்டி, வாய்க்கு வந்ததைக் கத்தி அவளை விரட்டினார்கள் என்கிறது புராணம். ஹோலி இரவில் கெட்ட வார்த்தை சொல்லிக் கூச்சல் போடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை.

மூன்றாவது காமதகனம். சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரித்த கதை. விந்திய மலைக்குத் தெற்கே வர வர இந்தக் கதை ஓங்குகிறது. கர்நாடகத்தில் காமன ஹப்பா, தெலங்கானாவில் காமுனி புன்னமி, நம்மிடம் காமன் பண்டிகை. இரவும் அதே, தீயும் அதே. உள்ளே எரிவது யார் என்பதில்தான் வித்தியாசம். என்னைக் கேட்டால் தீதான் முந்தியது, கதைகள் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்தவை.

எவ்வளவு பழசு? முகலாயர் காலத்துல வந்ததுன்னு ஒருத்தர் சொன்னாரே?

முகலாய அரண்மனையில் ஹோலி விளையாடினார்கள் என்பது உண்மை. ஜஹாங்கீர் அந்தப்புரப் பெண்களோடு ஹோலி ஆடும் ஓவியங்கள்கூட இருக்கின்றன. ஆனால் அவர்கள் கொண்டுவந்தது அல்ல, இங்கே இருந்ததில் அவர்கள் கலந்துகொண்டார்கள். 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் எழுதிய ரத்னாவளி நாடகம் கௌசாம்பி நகரத்து வசந்த விழாவில்தான் தொடங்குகிறது. சிவந்த பொடி தூவுகிறார்கள், பீச்சாங்குழலால் நீர் அடிக்கிறார்கள். இன்றைய தெருக்காட்சியில் அதிகம் மாறவில்லை.

அதற்கும் முந்தைய சான்று, வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை நூலில் இருக்கிறது. ஜைமினியின் சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர், 'ஹோலாகா' என்னும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கே நடத்துகிறார். கிழக்கத்தியர்தான் இதைச் செய்கிறார்கள், அப்படியானால் இது அவர்களுக்கு மட்டும் உரியதா, எல்லோருக்கும் பொதுவா? எல்லோருக்கும் பொது என்றுதான் தீர்ப்பு. "இது அவங்க பண்டிகை, நம்ம பண்டிகை" என்ற சண்டை அவ்வளவு பழையது!

தெற்கிலும் தடம் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த இத்தாலியப் பயணி நிக்கோலோ டி கொண்டி, ஒரு திருவிழாவில் போவோர் வருவோர் மேல் எல்லாம் குங்குமப்பூ நீரைத் தெளித்ததையும், அரசனும் அரசியும்கூட அதற்குத் தப்பாததையும் எழுதிவைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டுல ஹோலியே கிடையாதுன்னு சொல்றாங்க. சரியா?

வண்ணம் வீசும் ஹோலி இங்கே வேர்விட்டது அல்ல. சென்னை சௌகார்பேட்டையில் மார்வாரி, குஜராத்தி குடும்பங்கள் பல தலைமுறையாகக் கொண்டாடுகிறார்கள். கல்லூரி விடுதிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் சமீப காலமாகப் பரவியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் பால்குனப் பௌர்ணமி இரவுத் தீ நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, புதுக்கோட்டைப் பகுதிகளில் காமன் பண்டிகை நடக்கிறது. சில ஊர்களில் காமாண்டி என்பார்கள். இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் கூடவே கொண்டுபோனதால், இலங்கை மலையகத்தில் அது காமன் கூத்தாக இன்றும் விமரிசையாக நடக்கிறது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் ஊர்ப் பொதுவிடத்தில் காமன் நடுவார்கள். ஆமணக்குக் கொம்பும் கரும்பும் சேர்த்துக் குழியில் நட்டு, வைக்கோல் பிரியைச் சுற்றி உயர்த்திய கம்பம்தான் காமன். கரும்பு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, மன்மதனின் வில் அது. அன்று முதல் இரவுதோறும் அங்கே பாட்டு. பௌர்ணமி நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும். ரதி, மன்மதன் வேடம் கட்டி வீடுவீடாக வருவார்கள். ரதிக்கும் ஆண்தான் வேடம் கட்டுவார். கடைசி இரவில் சிவன் வேடம் போட்டவர் வந்து கண் திறப்பதும், கம்பம் பற்றி எரிவதும், ரதி புலம்புவதும் நடக்கும். அந்த ஒப்பாரியில் ஊர்ப் பெண்கள் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். எரிந்த காமனை உயிர்ப்பிக்கும் சடங்கும் சில ஊர்களில் உண்டு.

ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறது தற்செயலா இருக்கக் கூடாதா?

அப்படியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, நாள். மாசி அமாவாசையிலிருந்து எண்ணிக்கொண்டு போவதால் காமன் எரியும் பௌர்ணமி தமிழ்க் கணக்கில் மாசியில் விழுந்தாலும் பங்குனியில் விழுந்தாலும் ஹோலிப் பௌர்ணமியாகவே அமைகிறது. சூரிய மாதத்தைப் பின்பற்றும் ஊரில் இந்த விழா சந்திரனைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இன்னொன்று, ஆமணக்கு. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஹோலிகா குவியலுக்கு நடுவில் நாட்டும் கொம்புக்குப் பல ஊர்களில் ஆமணக்கைத்தான் தேடுகிறார்கள். வசந்த பஞ்சமியன்றே அதை நட்டுவைத்துவிட்டு, அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விறகு சேர்ப்பார்கள். கதை வேறு, மொழி வேறு, நடுவது மட்டும் அதே செடி. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

லாவணின்னு ஒண்ணு பாடுவாங்களாமே, 'எரிந்த கட்சி, எரியாத கட்சி'ன்னா என்ன?

காமன் பண்டிகையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு பாடகர் குழுக்கள் எதிரெதிரே உட்காரும். மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி வாதாடும். எரியவில்லை, உருவம்தான் போயிற்று, ஆள் இருக்கிறான் என்று மறு கட்சி வாதாடும். டேப் என்னும் தோல்கருவியை அடித்துக்கொண்டு பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில். புராணத்தில் ஆரம்பித்து விடுகதை, கணக்கு, நாட்டு நடப்பு, எதிராளியின் குலம் கோத்திரம் வரை இழுத்துவிடுவார்கள். விடிய விடிய நடக்கும். பதில் சொல்லத் தெரியாமல் திணறினால் கூட்டம் விடாது.

லாவணி மராட்டியப் பாட்டு வடிவம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி அமைந்த பிறகு அவர்களோடு வந்து காமன் திடலில் நிலைத்தது. காமன் வழிபாடு அதற்கு முன்பே இங்கே இருந்தது. பாட்டுதான் பிற்பாடு சேர்ந்தது.

கேள்விக்குப் புராணம் சொல்லும் பதிலைப் பார்த்தால் இரண்டு கட்சியுமே ஜெயிக்கிறது. காமன் எரிந்தது நிஜம். ரதி அழுது வேண்டியதும் சிவன் அவனை உயிர்ப்பித்து, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உருவமற்றவனாக்கியதும் நிஜம். அதனால்தான் போட்டி முடிவதே இல்லை.

சங்க இலக்கியத்துல இதெல்லாம் உண்டா?

காமனுக்கு எடுத்த விழா உண்டு. கலித்தொகையின் பாலைப் பாட்டுகளில் வேனில் காலத்துக் காமன் விழா வருகிறது. விழாவுக்குள் பிரிந்துபோனவன் திரும்ப வேண்டுமே என்று தலைவி தவிக்கிறாள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் காமவேள் கோட்டத்தைச் சொல்லி, அங்கே போய்த் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று தோழி தேவந்தி கண்ணகியிடம் சொல்கிறாள். அது பெருமை இல்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆண்டாளோ நாச்சியார் திருமொழியின் முதல் பத்திலேயே காமதேவனை வேண்டுகிறாள். தையில் தரை மெழுகி, மாசியில் தெருவில் மணற்கோலமிட்டு, பங்குனி வரை நோன்பு நீள்கிறது.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்த மூன்று இடத்திலும் காமனைத் தொழுகிறார்கள், யாரும் எரிக்கவில்லை. எரிக்கும் சடங்கு இவற்றில் இல்லை. காமதகனம் புராணத்தில் விரிவாக வருவதென்றால் கச்சியப்பரின் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தைச் சொல்லலாம். தலம் என்றால் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை. சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்டவீரட்டத் தலங்களில் காமனை எரித்த தலம் அது.

பங்குனி உத்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா, இல்ல சும்மா பக்கத்துல பக்கத்துல வருதா?

கதையில் நேரடிச் சம்பந்தம் உண்டு. சிவன் பார்வதியை மணக்க வேண்டும் என்பதற்காகத்தான் தேவர்கள் காமனை அனுப்பினார்கள். அவன் எரிந்தான், பிறகு கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாண நாள் பங்குனி உத்திரம் என்பது நம் கோயில் மரபு. முருகன் தெய்வானை, ராமர் சீதை, ஶ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் ரங்கமன்னார் என்று எல்லாத் திருக்கல்யாணமும் அன்று வரிசைகட்டி வரும். ஶ்ரீரங்கத்தில் பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் சேர்த்தியாக எழுந்தருள்வதும் அன்றுதான்.

விழாவும் பழையது. அகநானூற்று 137ஆம் பாட்டில், உறையூர் ஆற்றங்கரைச் சோலை பங்குனி விழா முடிந்த மறுநாள் வெறிச்சோடிக் கிடக்கும் காட்சி வருகிறது. திருஞானசம்பந்தர் மயிலைப் பதிகத்தில், இறந்துபோன பெண்ணான பூம்பாவையிடம், பங்குனி உத்திர விழாவைக் காணாமலே போவாயோ என்கிறார். மயிலையில் அந்தப் பங்குனிப் பெருவிழா இன்றும் அறுபத்து மூவர் ஊர்வலத்தோடு நடக்கிறது.

வசந்த விழான்னு சொல்றாங்க. நமக்கு சித்திரை, வைகாசிதானே இளவேனில்? இது பின்பனி ஆச்சே?

சரியான கேள்வி. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிதான். வடமொழிக் கணக்கிலும் சைத்ரமும் வைசாகமுமே வசந்தம், பால்குனம் சிசிர ருதுவில் கடைசி. ஆனால் வட இந்தியாவில் மாதம் பௌர்ணமியோடு முடிகிறது. ஆகவே பால்குனப் பௌர்ணமி மாதத்தின் கடைசி நாள், வண்ணம் ஆடும் மறுநாள் சைத்ரத்தின் முதல் நாள். தீயோடு குளிர்காலம் முடிகிறது, வண்ணத்தோடு வசந்தம் பிறக்கிறது. அமாவாசையோடு மாதம் முடியும் மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய இடங்களில் இதே ஹோலி மாதத்தின் நடுவில் வரும். அங்கே இந்த விளக்கம் பொருந்தாது.

வண்ணம் பூசறது கிருஷ்ணர் ஆரம்பிச்சதா?

மதுரா, பிருந்தாவனம், பர்சானா சேர்ந்த விரஜ பூமியில் அப்படித்தான் சொல்வார்கள். தான் கறுப்பு, ராதை மட்டும் சிவப்பா என்று கிருஷ்ணன் யசோதையிடம் முறையிட, "போய் அவள் முகத்தில் உனக்குப் பிடித்த வண்ணத்தைப் பூசிவிடு" என்றாளாம். வசந்த விழாவில் வண்ணம் வீசுவதற்கு மேலே சொன்ன ரத்னாவளி சான்று. அதில் கிருஷ்ணர் பேச்சே இல்லை, வழிபடுவது காமனைத்தான்.

ஆனால் கொண்டாட்டம் என்று வந்தால் விரஜ பூமியை யாரும் மிஞ்ச முடியாது. வசந்த பஞ்சமியில் தொடங்கி நாற்பது நாள் அங்கே ஹோலிதான். வளர்பிறை நவமியன்று ராதையின் ஊரான பர்சானாவுக்கு கிருஷ்ணனின் ஊரான நந்த்காவ் ஆண்கள் வருவார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு நீண்ட தடியால் அவர்களை வெளுப்பார்கள். ஆண்கள் குந்திக்கொண்டு கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்துத் தப்பிக்க வேண்டும். மறுநாள் இதே ஆட்டம் நந்த்காவில். ஃபாலேன் கிராமத்தில் ஒரு பூசாரி ஹோலிகா தீக்குள்ளேயே நடந்து வெளியே வருவார். பிருந்தாவனத்து ஆசிரமங்களில் வெள்ளைச் சேலையோடு வாழும் கைம்பெண்கள் 2013 முதல் வண்ணம் ஆடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்த மாற்றம் பெரிது.

எல்லா மாநிலத்துலயும் இதே மாதிரிதானா?

இல்லை. வங்காளத்தில் டோல் யாத்திரை. ராதா கிருஷ்ணரை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். கிருஷ்ண பக்தியைப் பரப்பிய சைதன்யர் 1486இல் இதே பௌர்ணமியில் பிறந்ததால் அவருடைய பக்தர்களுக்கு இது இரட்டைத் திருநாள். பஞ்சாபில் அனந்தபூர் சாகிபில் மறுநாள் ஹோலா மொஹல்லா. குரு கோவிந்த் சிங் 1701இல் தொடங்கிவைத்த போர்ப்பயிற்சி விழா அது, குதிரையேற்றமும் வாள்வீச்சும்தான் பிரதானம். மணிப்பூரில் ஐந்து நாள் யாவ்ஷங், நிலா வெளிச்சத்தில் கைகோத்து ஆடுவார்கள். மகாராஷ்டிரத்தில் தீ மூட்டும் நாளில் போளி, ஐந்தாம் நாளான ரங்க பஞ்சமியில் வண்ணம். கேரளத்தில் கொங்கணிக் குடும்பங்கள் மஞ்சள் நீரை ஊற்றி விளையாடுகிறார்கள்.

கெமிக்கல் வர்றதுக்கு முன்னாடி கலருக்கு என்ன பண்ணாங்க?

புரசம்பூ. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த அதே புரச மரம். இலை எல்லாம் உதிர்ந்து, மரம் முழுக்கச் செம்மஞ்சள் பூவாக நிற்பது சரியாக ஹோலி சமயத்தில்தான். உலர்ந்த பூவை இரவு முழுக்க நீரில் ஊறவைத்தால், அல்லது கொதிக்கவைத்தால், காலையில் ஆரஞ்சு நிறச் சாயம் தயார். பொடிக்கு மஞ்சள், செஞ்சந்தனம், குங்குமப்பூ. பதினெட்டு, இருபது வண்ணம் எல்லாம் அன்று கிடையாது. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு இடைப்பட்டவையும்தான்.

கடையில விக்கிற கலரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொடியை வாங்காதீர்கள். துணிக்கும் தொழிற்சாலைக்கும் போகும் சாயம் கலந்த மட்டமான பொடிகள் சந்தையில் உண்டு. ஈயம் போன்ற உலோகங்கள் கலந்ததும் அகப்பட்டிருக்கிறது. மினுமினுப்பு இருந்தால் பெரும்பாலும் மைக்காத்தூள், அது கண்ணில் பட்டால் கீறும். 'ஹெர்பல்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். சோள மாவில் மஞ்சள் கலந்து வீட்டிலேயே செய்வது பத்து நிமிட வேலை.

விளையாடப் போகுமுன் தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவைத்துவிட வேண்டும். பொடி கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவுங்கள். எரிச்சலோ மங்கலோ நீடித்தால் டாக்டரிடம் போய்விடுவது நல்லது. வண்ணத்தை அழிக்க மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டு நாளில் தானாகப் போய்விடும்.

ஹோலிக்கு முன்னாடி எட்டு நாள் நல்ல காரியம் கூடாதுன்னு வடக்குப் பக்கத்துச் சம்பந்தி சொல்றாங்க. நாங்க முகூர்த்தம் குறிச்சாச்சே?

அது ஹோலாஷ்டகம். வளர்பிறை அஷ்டமி முதல் பௌர்ணமி வரை வடக்கே கல்யாணம், கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அந்தத் தடை இல்லை, மாசியில் தாராளமாக முகூர்த்தம் இருக்கும். ஆனால் சம்பந்தி மனசு கோணக் கூடாது அல்லவா? ஒரு வாரம் தள்ள முடியுமா என்று இரு வீட்டாரும் பேசிக்கொள்ளுங்கள். சாஸ்திரச் சண்டையில் இறங்கினால் கல்யாணத்துக்கு முன்பே கசப்பு வந்துவிடும்.

ஒரு பெண்ணை உயிரோட எரிச்சதைப் போய்க் கொண்டாடலாமா?

இதைக் கோபத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள், கோபம் நியாயமானதே. ஹோலிகாவை அண்ணன் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பலியானவளாகவே பார்த்து, அவளுக்கு இரங்கும் கதைகளும் வடக்கே வழங்குகின்றன. அசுரர்களை எரிப்பது யாரை எரிப்பது என்று கேட்கும் அரசியலும் உண்டு. இந்தக் கேள்விகளைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு குழந்தையை எரிக்கப் போனவள் எரிந்தாள் என்பதுதான் கதை என்று பக்தர்கள் சொல்வார்கள், அதுவும் கதைக்குள் இருக்கிறது.

நான் பார்க்கும் விதம் வேறு. மேலே சொன்னபடி தீ ஒன்று, அதற்குச் சொல்லும் கதை பல. நம் பக்கத்தில் அதே தீக்கு முன்னால் கூட்டம் ரதியோடு சேர்ந்து அழுகிறது, எரிந்தவன் திரும்பி வர வேண்டும் என்று பாடுகிறது. வெற்றிக் களிப்பே இல்லாத ஒரு தகனம் இது. ஹோலிகா கதை உறுத்துகிறது என்றால் அந்தக் கதையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை.

"தப்பா நினைக்காதீங்க, இன்னைக்கு ஹோலி"ன்னு சொல்லி யார் மேல வேணும்னாலும் பூசலாமா?

கூடாது. 'புரா ந மானோ, ஹோலி ஹை' என்ற அந்த வாசகம் நட்பும் முறையும் உள்ளவர்களுக்கு நடுவில் விளையாட்டு. தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்லிக்கொண்டு கையை நீட்டினால் அது தொல்லை, சட்டப்படி குற்றமும்கூட. தெருவில் போகிறவர், வேலைக்குக் கிளம்பியவர், வேண்டாம் என்றவர், வாயில்லா நாய், மாடு யார்மேலும் வீசக் கூடாது. அலுவலகத்திலும் முதலில் நெற்றியில் ஒரு பொட்டு, அவர் சிரித்தால் மேற்கொண்டு.

பாங்கு குடிச்சாத்தான் ஹோலியா?

இல்லை. பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ் அரைத்துப் பாலில் கலந்தால் தண்டாய். அதில் கஞ்சா இலை அரைத்துச் சேர்த்தால் பாங்கு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இலையைக் கஞ்சா என்னும் வரையறையில் சேர்க்காமல் மாநிலங்களிடம் விட்டுவிட்டதால் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற இடங்களில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. ஏறுவது தாமதமாகத் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் என்று குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெறும் தண்டாய் போதும்.

ஹோலிக்கு லீவு உண்டா?

தமிழ்நாடு அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லை. பங்குனி உத்திரத்துக்குச் சில மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதைக் கலெக்டர் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

காமன் பண்டிகையை நேர்ல பார்க்கணும். எப்போ, எப்படிப் போறது?

காலண்டரில் ஹோலி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரவுதான் பெரும்பாலான ஊர்களில் காமன் எரியும். ஊர்க் கட்டுப்பாட்டையும் வசதியையும் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம், ஆகவே தெரிந்தவர் ஒருவரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். எல்லாக் கிராமத்திலும் ஆண்டுதோறும் நடப்பதில்லை. லாவணி பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருவதால் பாட்டே இல்லாமல் கம்பத்தை மட்டும் எரித்து முடித்துவிடும் ஊர்களும் உண்டு. "லாவணி வைக்கிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ தங்கினால் பகலில் திருக்குறுக்கைக் கோயிலைப் பார்த்துவிட்டு இரவில் கிராமத்துக்குப் போகலாம். ஒன்பது மணிக்கெல்லாம் போய் எதுவும் தொடங்கவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். சூடு பிடிப்பதே நள்ளிரவுக்கு மேல்தான். பனி விழும், ஒரு போர்வை கொண்டுபோங்கள். பாட்டுக்காரர் பாடும்போது செல்போன் விளக்கை முகத்தில் அடிக்க வேண்டாம். பாட்டு பிடித்திருந்தால் ஊர்க்காரர்கள் செய்வதைப் போலவே நீங்களும் நோட்டு ஒன்றை அவர் சட்டையில் குத்திவிடலாம்.